திருவிழா இரவும் அடுத்த மூன்று நாளும்: ஒரு தோட்டப்புறச் சிற்றூரின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லை. சம்பந்தப்பட்ட பையன்களில் பெரும்பாலோர் 18 வயதை எட்டாதவர்கள். வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் தகவலை வெளியிடக் கூடாது என்பது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு. வழக்கே போடப்படாத பிள்ளைகளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்பதால் சில சிறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும் நடந்தபடியே எழுதப்பட்டுள்ளன.

ஊரின் அமைப்பு

மலேசியத் தீபகற்பத்தின் வடமேற்கில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். ஒரே கடைத்தெரு. அதன் ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனையில் நான்கு தொகுதி மலிவு விலை அடுக்குமாடி. கோயிலுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம், அதற்குள் 38 குடும்பங்கள் இன்னும் குடியிருக்கும் பழைய லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். ஒரு காலத்தில் அத்தனையும் பால் மரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விற்கப்பட்டு, மூன்று டிவிஷன்களின் (தோட்டப் பிரிவுகளின்) மக்கள் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

லயத்தில் ஒரு பையன் தப்புச் செய்தால் நாலாவது வீட்டுக்காரர் காதைத் திருகுவார். பெற்றவள் ஏனென்று கேட்கமாட்டாள். அடுக்குமாடியில் எதிர்க்கதவு யாருடையது என்று தெரியாமலே ஐந்து வருடம் ஓடிவிட்டது. செம்பனைக் குலை அறுக்கும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டதால், ஊர்ப் பெற்றோர் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொழிற்பேட்டையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். தொழிற்சாலை பஸ் காலை 5.40க்கு ஏற்றிக்கொண்டால் இரவு 8.30க்குத்தான் இறக்கிவிடும். பள்ளி விட்டதிலிருந்து அந்த பஸ் வரும்வரை ஊரில் பையன்களைக் கேட்க ஆளில்லை.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மலாய்மொழியில் பின்தங்கியிருந்தவர்கள் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அதனால் படிவம் 3க்கு வரும்போது வயது 16. உடன் படிப்பவர்களைவிட ஒரு தலை உயரம், பாடத்தில் கடைசி வரிசை. பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த வட்டாரத் தொழிற்சாலைகளோ 18 நிறைந்தவர்களைத்தான் எடுக்கின்றன. பள்ளிக்கும் வேலைக்கும் இடையே இரண்டு மூன்று வருடம் எந்தக் கணக்கிலும் வராமல் ஒரு பையன் ஊரில் சுற்றலாம். இந்த ஆய்வில் வரும் 17 பையன்களில் 12 பேர் அந்த வருடங்களில் இருந்தவர்கள்.

திருவிழா இரவு

ஆண்டுத் திருவிழாவின் இரத ஊர்வலத்துக்கு இரண்டு உருமி மேளக் குழுக்கள் வந்தன: லயத்துப் பையன்களின் குழு ஒன்று, அடுக்குமாடிப் பையன்களின் குழு ஒன்று. இரண்டின் சட்டை முதுகிலும் ஒரு எண் இருந்தது. சட்டவிரோதமானவை என்று உள்துறை அமைச்சு 2013இல் 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது மலேசியத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவற்றில் பலவற்றுக்கு எண்தான் பெயர். அந்த எண்கள்தான் இங்கே சட்டையில் ஏறின.

கடைத்தெரு முச்சந்தியில் இரதம் 45 நிமிடம் நின்றது. வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு, தேங்காய். இரண்டு மேளமும் நேருக்கு நேர், பத்தடி இடைவெளியில், ஒன்றையொன்று அமுக்கப் பார்த்து வாசித்தன. கோப்பிக் கடைக்குப் பின்னால் சம்சு என்னும் மலிவுச் சாராய போத்தல்கள். இரவு 11.40க்கு ஒருவனின் உருமிக் குச்சி இன்னொருவன் முகத்தில் பட்டது. வேண்டுமென்றா, தவறியா என்பது கடைசிவரை தெரியவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு முன்கையில் வெட்டு, 14 தையல். ஒரு மோட்டார் சைக்கிள் நொறுங்கியது. 22 விநாடிக் காணொளி ஒன்று ஒரு மணிக்குள் ஊரின் எல்லாப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் ஓடியது.

மறுநாள் காலையில் ஒவ்வொரு தரப்பும் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. போலீஸ் நால்வரைப் பிடித்து வாக்குமூலம் வாங்கியது. கோயில் நிர்வாகம் இனி உருமி மேளமே கிடையாது என்று தீர்மானம் போட்டது. பள்ளி இருவரை இடைநீக்கம் செய்தது. பொது இயக்கம் ஒன்று அடுத்த மாதம் பையன்களுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம் நடத்துவதாகச் சொன்னது. இவற்றில் எதுவும் அந்த வாரத்தில் நடக்கப்போவதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், சண்டையில் இல்லவே இல்லாத 15 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டான். அண்ணனின் சட்டையைப் போட்டிருந்தான், அவ்வளவுதான். தாடை எலும்பு முறிந்து ஆறு வாரம் கஞ்சி குடித்தான்.

கவனித்தவை

அதன் பிறகுதான் ஊரில் ஒரு செயற்குழு உருவானது: கோயில் நிர்வாகத்தில் இருவர், இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியர், ஒரு ஓய்வுபெற்ற தண்டல் (தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்தவர்), அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர். ஐந்து வாரம் அவர்கள் எந்த நிகழ்ச்சியும் நடத்தவில்லை. பையன்களையும் தாய்மார்களையும் தனித்தனியே பார்த்துப் பேசினார்கள். அந்த ஐந்து வாரம்தான் முழு முயற்சியிலும் மிகப் பயனுள்ள காலம்.

முதலில் தெரிந்தது, 17 பேரில் மூவருக்குத்தான் ஊருக்கு வெளியே உள்ள கும்பல் ஆட்களோடு நேரடித் தொடர்பு. மற்றவர்கள் எண்ணைக் கடன் வாங்கியிருந்தார்கள். பள்ளிக்குப் பஸ் ஏறும் இடத்தில் அடி வாங்காமலிருக்க ஒருவன், அண்ணன் போட்டிருந்ததால் ஒருவன், மேளக் குழுவில் இடம் கிடைக்க ஒருவன். 17 பேரையும் ஒரே பெயரால் "குண்டர் கும்பல்" என்று அழைத்த ஊர், அந்தப் பதினான்கு பேரையும் மூவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, ஆயுதம் என்பது பெரும்பாலும் தோட்டக் கருவி. பாராங் கத்தியும் குலை அறுக்கும் அரிவாளும் குத்தகைக்காரரின் கொட்டகையில் பூட்டில்லாமல் கிடந்தன. ஆயுதத்தைத் தேடி யாரும் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கொஞ்சம் தாமதமாகவே புலப்பட்டது. எதிர்த்தாக்குதல்கள் எல்லாம் முதல் சம்பவத்துக்குப் பின் மூன்று நாளுக்குள் நடந்திருந்தன. அதற்குள் நடக்காதது நடக்காமலே போயிருந்தது. கோபம் ஆறிவிடுவதால் அல்ல. "இவன் ஒன்னும் செய்யமாட்டான்" என்ற பேச்சு புலனத்தில் எழுந்து அடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. அந்தப் பேச்சுதான் பையனைக் கிளப்பிவிடுகிறது.

நான்காவது பெற்றோரின் பயம். 1966 சங்கங்கள் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே குற்றம். 2014இல் திருத்தப்பட்ட 1959 குற்றத் தடுப்புச் சட்டம் விசாரணையின்றி இரண்டு வருடம் வரை தடுத்துவைக்க வழி வைத்திருக்கிறது. பிள்ளை எதிலோ மாட்டியிருக்கிறான் என்று தெரிந்த தாய், யாரிடமாவது சொன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். இது நியாயமான பயம். அதை விழிப்புணர்வுக் குறை என்று பேசியவர்களுக்கு அந்த வீடுகளில் இரண்டாவது முறை கதவு திறக்கவில்லை.

முதல் முடிவு, முதல் தவறு

ஆறாம் வாரம் செயற்குழு காற்பந்துக் குழு அமைத்தது. அடுக்குமாடிப் பையன்கள் ஒன்பது பேர், சீருடை, வாரம் மூன்று மாலைப் பயிற்சி. செலவு 1,100 வெள்ளி (ரிங்கிட்), கடைக்காரர்கள் கொடுத்தது. முதலில் ஊரே மகிழ்ந்தது.

ஒன்பதாவது வாரம் பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போன இடத்தில் அடிதடி. வெளியூரில் இவர்கள் காற்பந்துக் குழுவாகப் போகவில்லை, ஒரு செட்டாக, அதாவது கும்பலாகப் போனார்கள். எண் போட்ட சட்டையின் வேலையைச் சீருடை செய்தது. அதைவிட வருத்தமானது, அதுவரை ஓரத்தில் நின்ற 13 வயதுப் பையன்கள் இருவர் தண்ணீர் போத்தல் தூக்க வந்து, இரண்டு மாதத்தில் உள்ளே போய்விட்டார்கள்.

இது முன்பே அறியப்பட்ட ஆபத்து. அமெரிக்காவின் மாசசூசெட்சில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வு, சிறுவர்கள் குற்றத்துக்குப் போகாமலிருக்க வழிகாட்டி உதவிய திட்டம். அதில் சேர்ந்த பையன்களை முப்பது வருடம் கழித்துத் தேடிப்போன குற்றவியலாளர் ஜோன் மெக்கார்ட், உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததை 1978இல் எழுதினார். கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் அந்தப் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. தாமஸ் டிஷியனும் பிரான்சுவா பூலினும் அவரோடு சேர்ந்து 1999இல் காரணத்தை விளக்கினார்கள்: தப்பு வழியில் கால் வைத்த பிள்ளைகளை மட்டும் ஓரிடத்தில் கூட்டினால், தப்பைச் சொல்லிச் சிரிப்பதே அங்கே கைத்தட்டல் வாங்குகிறது. பயிற்றுநர் பேசுவது ஒரு மணி நேரம். கழிவறைப் பக்கம் நடக்கும் பேச்சு மூன்று மணி நேரம்.

குழுவை உடனே கலைத்திருந்தால் துரோகமாகிவிடும். எனவே ஐவர் ஆட்டமாக மாற்றி, ஒவ்வொரு அணியிலும் இந்தப் பையன்கள் இருவருக்கு மேல் இல்லாமல், மற்ற மூவர் வேலைக்குப் போகும் பெரியவர்களாகப் பார்த்துக்கொண்டார்கள். சீருடை கிடையாது, வலைச் சட்டை மட்டும். நால்வர் வராமல் நின்றார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பெரியவர்கள் மூலமாகத்தான் பின்னால் வேலை கிடைத்தது.

அதே சமயத்தில், பையன்களைச் சிறைச்சாலைக்கு அழைத்துப்போய்க் காட்டிப் பயமுறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. குழு மறுத்தது. அத்தகைய சுற்றுலாக்களைச் சோதித்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த அந்தோனி பெட்ரோசினோவும் உடன் ஆய்வாளர்களும், போகாதவர்களைவிடப் போனவர்களே அதிகம் குற்றம் செய்ததைக் கண்டிருக்கிறார்கள். தன்முனைப்பு முகாமும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கப்பட்டது. அதனால் ஏற்பாட்டாளர்களுடன் ஏற்பட்ட மனத்தாங்கல் நெடுநாள் நீடித்தது.

முறை மாறியது

சிகாகோவில் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000இல் தொடங்கிய முயற்சி, வன்முறையைத் தொற்றுநோய் போலப் பார்க்கிறது: அடுத்தவருக்குப் பரவுமுன் இடையில் புகுந்து நிறுத்து, அதற்குத் தெருவில் மதிப்புள்ள ஆளை அனுப்பு. சிகாகோவின் துப்பாக்கித் தெரு வேறு, இந்த ஊர் வேறு. ஆனால் பதிலடிக்கு முன் இடையில் புகுவது என்ற யோசனை இங்கே கண்ட மூன்று நாள் கணக்கோடு பொருந்தியது. குழு அதை மட்டும் எடுத்துக்கொண்டது.

மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முன்பு கும்பலில் இருந்து எட்டு வருடத்துக்கு முன் விலகிய, இப்போது லோரி ஓட்டும் 34 வயதுக்காரர். பையன்களுக்கு அவர் "அண்ணே". மருத்துவமனையில் வேலை செய்யும் அந்தப் பெண்மணி, எல்லாருக்கும் "அக்கா". ஓய்வுபெற்ற தண்டல், அவர் "தாத்தா". லோரிக்காரரைப் பற்றிச் சந்தேகம் எழுந்தது, எழவேண்டியதுதான். விலகி ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், நிலுவை வழக்கு இருக்கக் கூடாது, யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது, இரண்டு தரப்புத் தாய்மாரும் ஏற்க வேண்டும் என்று நான்கு நிபந்தனை வைத்தார்கள். இன்னொரு முன்னாள் ஆள் பேச்சில் இவரைவிடக் கெட்டிக்காரர். ஆனால் பழைய தலைவரிடம் 3,000 வெள்ளி கடன் இருந்தது. கடன் இருக்கும்வரை அவர் வாய் அவருடையதல்ல என்று விட்டுவிட்டார்கள்.

இதைத் தொண்டாகச் செய்யச் சொல்லவில்லை. மாதம் ஆளுக்கு 400 வெள்ளி, பெட்ரோலுக்கும் கைப்பேசிக்கும் 100 வெள்ளி, சாப்பாட்டுச் செலவுக்குப் பொதுவாக 150 வெள்ளி, மொத்தம் 1,650. பாதி கோயில் நிதியிலிருந்து, பாதி கடைக்காரர்களிடமிருந்து. அரசியல் கட்சிப் பணம் வேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே முடிவானது. கட்சிக் கொடி வந்தால் ஊரின் ஒரு பாதி விலகிக்கொள்ளும்.

போலீசோடு எல்லை வகுத்தது கடினமான பகுதி. நிலைய அதிகாரியுடன் மூன்று சந்திப்பு நடந்தது. முடிவு இதுதான்: ஆயுதத்தோடு ஆள் கிளம்பிவிட்டது தெரிந்தாலோ, குறிப்பிட்ட ஒருவருக்கு உயிராபத்து என்று தெரிந்தாலோ உடனே போலீசுக்குச் சொல்லப்படும். மற்றபடி யார் எந்தச் செட்டு, யார் என்ன சொன்னான் என்பது கேட்கப்படாது, சொல்லவும்படாது. இதே வார்த்தைகளைப் பையன்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். "இந்த ரெண்டுன்னா நானே போன் பண்ணுவேன்டா, அப்புறம் என்னைக் குறை சொல்லாதே" என்று அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னது பின்னால் அவரைக் காப்பாற்றியது.

தாத்தா குத்தகைக்காரரோடு பேசி ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் முடித்தார். கொட்டகைக்குப் பூட்டு, காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கும் ஒரு நோட்டுப் புத்தகம். பூட்டு 28 வெள்ளி.

எட்டாம் மாதம்: மூன்று நாள்

ஒரு வியாழக்கிழமை இரவு 9.50க்கு அக்காவின் கைப்பேசி அடித்தது. பெட்ரோல் நிலையத்தில் அடுக்குமாடிப் பையன் ஒருவனை, 16 வயது, லயத்துக்காரர் இருவர் அடித்துவிட்டார்கள். அழைத்தது அவன் தங்கை. காரணம், இன்ஸ்தாகிராமில் அடிபட்டவனின் அம்மாவைப் பற்றி அடித்தவர்களில் ஒருவன் போட்ட ஒரு வரி.

மூவரும் முன்பே பேசிவைத்தபடி பிரிந்தார்கள். அண்ணன் மருத்துவமனைக்கு, அக்கா அடித்தவன் வீட்டுக்கு, தாத்தா கொட்டகைக்கு. அடிபட்டவனிடம் யாரும் முதலில் போவதில்லை. அவனைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார். தேடவேண்டியது அவனுக்காகக் கிளம்பப்போகிறவனை.

அவன் அவசரப் பிரிவு வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். பெரியம்மா மகன், 19 வயது. காலில் ஒரு சிலிப்பர்தான் இருந்தது. மடியில் தம்பியின் தலைக்கவசம், முன்கண்ணாடி விரிசல். ஒரே குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னைக்கே முடிச்சிருவோம். செத்துருந்தான்னா?"

"சாவலடா. ஆறு தையல். உள்ள போயி பாத்தியா?"

"பாக்கல."

"மொத போயி பாரு. கைப்பேசிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

உள்ளே தம்பி கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்தவன் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆளை நேரில் பார்க்காதவரை அவன் மனதில் ஓடியது அந்தக் குரல் பதிவு மட்டும்தான். அண்ணன் யார் அடித்தது என்று கேட்கவில்லை. "ஒங்கூட வர்றேன்னு சொன்னது யார்யாரு, அதுல ஒனக்கே இஷ்டமில்லாதவன் யாரு" என்று கேட்டார். ஐந்து பேரில் இருவர் வெறும் வெட்கத்துக்காக வருகிறவர்கள் என்று அவனே சொன்னான். அந்த இருவரின் வீட்டுக்கும் அன்றிரவே ஆள் போனது. இருவரும் வெளியே வரவில்லை.

அக்கா அடித்தவன் தாயிடம் சமாதானம் பேசவில்லை. பையனை இரண்டு நாள் வேறெங்காவது தூங்கவைக்கச் சொன்னார். தாய் சொன்ன முதல் இடம் சித்தப்பா வீடு. அது எதிர்த்தரப்பு நடமாடும் ஊர். வேண்டாமென்று, எந்தச் செட்டும் இல்லாத 40 கிலோமீட்டர் தள்ளிய ஒரு மாமா வீட்டுக்கு லோரியிலேயே அனுப்பினார்கள். மறுநாள் பகல் கோயில் நிர்வாகம் புலனத்தில் மூன்றே வரி போட்டது: பையன் நலம், வீடு திரும்பிவிட்டான், இரு குடும்பமும் பேசிக்கொண்டிருக்கின்றன. கண்டனம், அறிவுரை எதுவும் இல்லை. அறிவுரை போட்டால் கீழே நூறு பதில் விழும், அதில் ஒன்று தீ வைக்கும்.

இரண்டாம் இரவு வெளியூர்க் கார் ஒன்று ஐந்து பேரோடு வந்து முச்சந்தியில் நின்றது. பின்னிருக்கைக்குக் கீழே உரச்சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ இருந்ததைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். அண்ணன் நிலையத்துக்கு அழைத்தார். ரோந்து வண்டி வந்து விளக்கு எரியவிட்டபடி இரவு இரண்டு மணிவரை நின்றது. கார் போய்விட்டது. யாரும் கைதாகவில்லை. அன்று போலீஸ் இல்லாமல் முடிந்திருக்காது.

மூன்றாம் நாள் மாலை, ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் வீட்டில் இரு குடும்பமும் உட்கார்ந்தன. கோயிலை லயத்துக்காரர்களுடையதாக அடுக்குமாடியினர் நினைக்கிறார்கள், பாலாய் ராயா பொது மண்டபத்தில் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அதனால்தான் வீடு. பையன்கள் இருவரும் பத்து நிமிடம் மட்டுமே உள்ளே இருந்தார்கள். மன்னிப்பு அடிபட்டவனிடம் கேட்கப்படவில்லை. அவன் அம்மாவிடம் கேட்கப்பட்டது, "ஒங்களப் பத்தி எழுதுனது தப்பு ஆண்ட்டி" என்று. அவமானப்பட்டது அவர்தான். தலைக்கவசத்துக்கும் மருந்துக்கும் 180 வெள்ளி, இரண்டு தவணை. பணம் சின்னது, ஆனால் கொடுத்ததை நாலு பேர் பார்த்தார்கள். அதன்பின் புலனத்தில் "ஒன்னும் செய்யல" என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொருவராக

சண்டையை நிறுத்துவது பாதி வேலை. நிறுத்திய மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பையன் எங்கே இருப்பான் என்பது மீதி. குழுவாக எதையும் செய்வதில்லை என்று முடிவாகியிருந்ததால் இது மெதுவாகத்தான் நடந்தது.

எதிர்பாராமல் மிகப் பயன்பட்டது மோட்டார் லைசன்ஸ். பி2 லைசன்ஸ் 16 வயதில் எடுக்கலாம். ஆனால் கட்டணம் கட்ட முடியாமல் பத்துக்கு மேற்பட்டோர் லைசன்ஸ் இல்லாமலே ஓட்டினார்கள். சாலைத் தடுப்பில் மாட்டினால் சம்மன், சம்மனைக் கட்டக் காசு, அந்தக் காசைத் தருபவன் செட்டின் மூத்தவன். பிறகு ஒரு "சின்ன வேலை" சொல்வான். லைசன்ஸ் கட்டணத்தைக் கடனாகக் கொடுத்து மாதம் 30 வெள்ளியாகத் திரும்ப வாங்கியதில் ஆறு பேருக்கு அந்தச் சங்கிலி அறுந்தது.

கியாட்மாரா என்ற அரசுத் தொழிற்பயிற்சி மையத்தில் மோட்டார் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு விரும்பிய ஒருவனுக்கு அடையாள அட்டையே இல்லை. அப்பா குடியுரிமை பெற்றவர், அம்மாவுக்குக் குடியுரிமையும் நிரந்தரவாசத் தகுதியும் இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணம் பதியப்படவில்லை. 1976 திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தபின் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையைத்தான் தருகிறது. எனவே இந்த நாட்டில் பிறந்து, இங்கேயே ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் குடிமகனல்ல. செட்டு மட்டும்தான் அவனிடம் அட்டை கேட்கவில்லை. தாய்சேய் நலப் புத்தகம், பள்ளிப் பதிவு, பிரசவம் பார்த்த செவிலியின் சாட்சி என்று திரட்டித் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பம் கொடுக்க ஏழு மாதம் ஆனது. அதற்கிடையில் மோட்டார் பட்டறைக்காரர் ஒருவர் அவனைப் பழகுநராக வைத்துக்கொண்டார்.

அடுத்த திருவிழா

உருமி மேளத்தைத் தடை செய்யும் தீர்மானத்தை நிர்வாகம் திரும்பப் பெற்றது. அதில் பெரிய வாக்குவாதம். இந்தப் பையன்கள் தினமும் இரண்டு மணி நேரம் கஷ்டப்பட்டுப் பழகும் ஒரே வித்தை அதுதான், அதையும் பிடுங்கினால் எஞ்சுவது எண் மட்டுமே என்று தாத்தா சொன்னதை நிர்வாகம் ஏற்றது.

மாற்றங்கள் பெரும்பாலும் கடிகாரமும் இடமும் சார்ந்தவை. முச்சந்தியில் இரதம் நிற்கும் நேரம் 45 நிமிடத்திலிருந்து 10 நிமிடம். அர்ச்சனைத் தட்டுகள் முன்கூட்டியே கோயிலில் வாங்கப்பட்டன. இரண்டு மேளத்துக்கும் நடுவே இரதம், அதன் இரு பக்கமும் கோலாட்டப் பெண்கள். குழுக்கள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. எண்ணும் கொடியும் இல்லாத மஞ்சள் சட்டையைக் கோயிலே தைத்துக் கொடுத்தது. ஒவ்வொரு குழுவிலும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவர். இரவு 10.30க்கு மேளம் நிற்கும். கோப்பிக் கடை பின்வாசல் மாலை ஆறு மணிக்கே அடைக்கப்பட்டது.

ஒரு குழு 10.30க்கு நிறுத்த மறுத்துப் பத்து நிமிடம் கூடுதலாக வாசித்தது. அண்ணன் தடுக்கவில்லை. மற்றக் குழுவுக்கும் பத்து நிமிடம் கொடுத்துவிட்டார். அதோடு முடிந்தது.

விளைவு

பதினாறு மாத முடிவில் 17 பேரில் 9 பேர் வேலையிலோ பயிற்சியிலோ, 3 பேர் பள்ளியில். ஒருவன் குடும்பத்தோடு வேறு மாநிலம் போனான். இருவர் மீது வழக்கு; அதில் சிறார் நீதிமன்றம் போனவனுக்குச் சமூகநல இலாகாவின் நன்னடத்தை அதிகாரியோடு அக்காவும் தொடர்ந்து போய்வருகிறார். இருவரோடு தொடர்பே அறுந்துவிட்டது. எட்டாம் மாதத்துக்குப் பின் இரு தரப்புக்கும் இடையே தையல் போடும் அளவுக்கு ஒரே ஒரு காயம்தான்.

இதை முழுதும் முயற்சியின் கணக்கில் எழுதுவது சரியாகாது. வெளியூர்த் தொடர்பிருந்த மூவரில் மூத்தவன் ஆறாம் மாதம் போதைப்பொருள் வழக்கில் உள்ளே போனான். அவன் வெளியே இருந்திருந்தால் எட்டாம் மாதத்து மூன்று நாள் எப்படிப் போயிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மாற்ற வேண்டியவை

காற்பந்துக் குழு தொடங்கவே கூடாதிருந்தது. 13 வயதுப் பையன்கள் இருவரும் அதன் விலை. அதில் ஒருவனைத்தான் இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை.

பெண்பிள்ளைகளைக் குழு தாமதமாகவே கவனித்தது. எட்டாம் மாதத்தில் அழைத்தது தங்கை. திரும்பிப் பார்த்தால், முதல் திருவிழாவின் பதிலடி பற்றியும் இரண்டு அக்காள்மார்களுக்கு முந்தைய இரவே தெரிந்திருந்தது, சொல்ல ஆளில்லை. முதல் வாரத்திலேயே அவர்களுக்கு ஒரு எண் கொடுத்திருக்க வேண்டும். யார் சொன்னது என்று வெளியே வராதென்ற உறுதியும் கூட.

குறிப்பேடு இன்னொரு பாடம். தொடக்கத்தில் பையன்களின் முழுப் பெயர் எழுதப்பட்டது. அது தவறான கையில் கிடைத்தால் 43ஆவது பிரிவுக்கு ஆயத்தப் பட்டியலாகிவிடும். ஐந்தாம் மாதம் அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, முதலெழுத்தும் தேதியும் மட்டும் எழுதினார்கள். இப்போது தொடங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அப்படி எழுதலாம்.

ஆள் மாற்றத்துக்கும் ஆயத்தம் போதவில்லை. பதினைந்தாம் மாதம் அண்ணனுக்கு ஜொகூருக்கு நீண்டதூர லோரி ஓட்டம் கிடைத்தது. குடும்பம் உள்ளவர், மறுக்க முடியாது. லைசன்ஸ் கடன் வாங்கிய ஆறு பேரில் ஒருவன், இப்போது 20 வயது, அவர் இடத்தில் பழகுகிறான். ஐந்து வருட நிபந்தனைக்கு அவன் இன்னும் வரவில்லை என்பதால் தனியாக அனுப்புவதில்லை, தாத்தாவோடுதான் போகிறான். பழைய எண்ணை அண்ணன் இன்னும் அணைக்கவில்லை. இரவில் அது அடித்தால் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு எடுக்கிறார்.